குமரிக் கடப்புறம் யாருக்கு ஓட்டுப் போடுகிறது, ஏன்?

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்துக் கடப்புறத்தின், அதாவது கடற்கரை மீனவ ஊர்களின் வாக்குச்சாவடி முடிவுகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே சின்னத்துக்கு மொத்தமாக விழுந்திருக்கிறது. இது பங்குச்சாமியார் சொல்லிப் போடுகிற ஓட்டா, இல்லை பரம்பரைக் காங்கிரஸ் ஓட்டா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்தும் முழு விளக்கம் ஆகாது. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், சாதியில் முக்குவர் அதிகம், கிழக்கே போகப்போகப் பரவரும் உண்டு. இந்த ஊர்கள் 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு யாரைத் தோற்கடிப்பது என்று முதலில் முடிவு செய்கின்றன. அதைச் செய்யக்கூடியவர் யார் என்று பார்த்து அவருக்குப் போடுகின்றன. சின்னம் அதற்குப் பிறகுதான். 2024 வரையிலான தேர்தல்களை வைத்து இதைச் சொல்கிறேன்.

நாடாளுமன்றத் தேர்தல்களிலேயே தொடங்கலாம், அங்கேதான் இது பளிச்சென்று தெரியும். பழைய நாகர்கோவில் தொகுதியில் என். டென்னிஸ் காங்கிரஸ் சார்பில் பல முறை வென்றார். மூப்பனார் காங்கிரஸிலிருந்து பிரிந்து தனிக்கட்சி தொடங்கியதும் 1996, 1998 இரண்டு தேர்தலிலும் அதே டென்னிஸ் சைக்கிள் சின்னத்தில் வென்றார். 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் அரிவாள் சுத்தியலில் வென்றார். தொகுதி கன்னியாகுமரி என்று மாறிய பிறகு 2009-ல் திமுகவின் ஹெலன் டேவிட்சன், உதயசூரியன். 2019-ல் மறுபடி கை, எச். வசந்தகுமார். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நான்கு சின்னங்கள். கடப்புறத்தின் பெரும்பகுதி இவற்றின் பின்னால் மாறி மாறி நின்றது. இதில் 2004-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 1959-ல் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியது கத்தோலிக்கத் திருச்சபை. அதே மரபில் வளர்ந்த ஊர்களில் அரிவாள் சுத்தியலுக்கு வரிசையில் நின்று போட்டார்கள். பரம்பரைக் காங்கிரஸ் ஓட்டு என்றால் இது நடந்திருக்காது.

எதிரில் இருந்தவர் மட்டும் மாறவில்லை: பாஜகவின் பொன். இராதாகிருஷ்ணன் (பொன்னார்). அவர் 1999-ல் வென்றபோது திமுக அவர் பக்கம் இருந்தது. 2014-ல் வென்றபோது எதிர்த்தரப்பு சிதறிக் கிடந்தது. அந்த ஆண்டின் கணக்கை எழுதிப் பார்ப்பது நல்லது. அவருக்கு 3,72,906. காங்கிரஸின் வசந்தகுமாருக்கு 2.44 லட்சம், அதிமுகவுக்கு 1.76 லட்சம், திமுகவுக்கு 1.18 லட்சம், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 35 ஆயிரம் சொச்சம், ஆம் ஆத்மி சார்பில் நின்ற சுப. உதயகுமாருக்கு 15 ஆயிரம் சொச்சம். எதிர் ஓட்டுகளைக் கூட்டினால் ஐந்தே முக்கால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஐந்து ஆண்டு கழித்து பொன்னாருக்கு 3,67,302. ஏறக்குறைய அதே ஓட்டு! ஆனால் வசந்தகுமார் 6,27,235 வாங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் பொன்னாருக்கு 3,66,341. வசந்தகுமாரின் மகன், காங்கிரஸின் விஜய் வசந்துக்கு 5,46,248. வசந்தகுமார் மறைந்தபின் 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்த இடைத்தேர்தலில் மட்டும் பொன்னார் 4,38,087 வரை ஏறினார், அப்போதும் தோல்விதான்.

இந்த எண்களில் என் கண்ணில் படுவது ஒன்று. 2019-ல் அதிமுக பாஜகவின் கூட்டணிக் கட்சி. 2014-ல் இரட்டை இலைக்கு விழுந்த 1.76 லட்சத்தில் நியாயமாக ஒரு பங்காவது தாமரைக்குப் போயிருக்க வேண்டும். மொத்தத்தில் தாமரையின் ஓட்டு கூடவே இல்லை. அதிமுகவை ஆண்டுக்கணக்கில் ஆதரித்த கடற்கரைக் குடும்பங்களை எனக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். மேல் பாசம், பிறகு ஜெயலலிதா மேல் மதிப்பு. வேட்பாளர் இரட்டை இலையில் நின்றால் போடுவார்கள். தாமரையில் நிற்பவருக்குப் போடு என்று தலைமை சொன்னால் சிரித்துவிட்டு வேறு பொத்தானை அழுத்துவார்கள். கட்சி விசுவாசத்துக்கு அங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது.

அந்தக் கோடு விழுந்த ஆண்டு 1982. மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலின் மாசிக் கொடை நேரத்தில் தொடங்கிய தகராறு, மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கடற்கரையைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல நாள் கலவரம் ஊர் ஊராகப் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அரசியல் விளைவு சீக்கிரமே வந்தது: 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியின் பாலச்சந்திரன் சுயேச்சையாக நின்று வென்றார். 1996-ல் அதே தொகுதியில் சி. வேலாயுதம் வென்று தமிழ்நாட்டின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினரானார். உள்நாட்டில் ஒரு பக்கம் திரள, கடற்கரையில் மறுபக்கம் திரண்டது. இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். இப்படி ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் சிதறுகிறதோ அந்தப் பக்கம் தோற்கும். இதைக் கடப்புறத்துப் பாட்டிகூடச் சொல்லிவிடுவார், அரசியல் விமர்சகர் தேவையில்லை.

1982-க்கு முன்னால் நிலைமை வேறு. திருவாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்தது. இணைப்புக்குப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பிறகு காங்கிரஸில் கலந்தது. 1957 தேர்தலில் குளச்சலில் லூர்தம்மாள் சைமன் வென்று காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சி, மீன்வளத் துறை அமைச்சரானார். மீனவ சமூகத்துப் பெண் ஒருவர், 1957-ல், அமைச்சர்! விசைப்படகும் நைலான் வலையும் இந்தக் கரைக்கு வரத் தொடங்கிய காலம் அது. அந்த நன்றி நீண்ட நாள் இருந்தது. 1967-ல் மாநிலமே திமுக பக்கம் போனபின், நேசமணி மறைவால் 1969-ல் நாகர்கோவிலில் வந்த இடைத்தேர்தலில் காமராஜரை இந்த மாவட்டம் ஜெயிக்க வைத்தது. இந்தக் காலத்து ஓட்டைக் காங்கிரஸ் பற்று என்று சொன்னால் மறுக்க மாட்டேன். இன்றைய ஓட்டு அதே சின்னத்துக்கு விழுவதால் அதே காரணம் என்று நினைப்பதுதான் சரியில்லை.

இனி பங்குச்சாமியார் விஷயம்.

கடற்கரை ஊரில் கோவில் (இங்கே மாதா கோவிலையும் அந்தோணியார் கோவிலையும் கோவில் என்றே சொல்வார்கள்) வெறும் வழிபாட்டு இடமல்ல. மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கு கோவிலுக்குப் போய்ச் சேர்ந்த ஊர்கள் அவை. பள்ளிக்கூடம் கோவிலுடையது, வாக்குச்சாவடியும் பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். வலை அறுத்த சண்டை, கல்யாணத் தகராறு, பக்கத்து ஊரோடு எல்லைப் பிரச்சினை எல்லாம் ஊர்க் கமிட்டி, பங்குப்பேரவை என்ற இரண்டில் ஒன்றில் பேசித் தீரும். வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து அன்பியங்கள் உண்டு, வாரந்தோறும் கூடுவார்கள். வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல் சாமியார் பிரசங்கத்தில் சின்னத்தின் பெயர் சொல்வது அபூர்வம். ஆயர்களின் சுற்றறிக்கை ‘மதச்சார்பின்மையைக் காப்பவருக்கு வாக்களியுங்கள்’ என்ற அளவில் நிற்கும். அதைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏற்கெனவே முடிவு தெரியும். சாமியாரின் வேலை முடிவெடுப்பதைவிட, எடுத்த முடிவைச் சிதறாமல் வைத்திருப்பது. எந்தச் சுயேச்சைக்கும் போய் ஓட்டை வீணாக்க வேண்டாம் என்பதுதான் உண்மையான செய்தி, அது அன்பியத்திலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் தானாகவே சுற்றும்.

சாமியார் சொன்னால் கேட்பார்கள் என்பதற்கு எதிரான சாட்சிகள் உள்ளூரில் நிறைய. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் சண்டை வந்த காலங்களில் சாமியாரின் சமரசத்தை இரு தரப்பும் தூக்கி எறிந்திருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தலில் ஊர்க் கமிட்டி நிறுத்திய ஆளுக்கு எதிராகக் கமிட்டிக்காரரின் மச்சானே நின்ற கதைகள் உண்டு. உள்ளாட்சியில் தாமரைக்குப் பயமில்லை, அதனால் ஊர் இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும். குடும்பம், படகு, கடன் எல்லாம் உள்ளே வரும். மேலே போகப்போக ஒன்றாகும். சாமியாரின் சொல்தான் காரணமென்றால் உள்ளாட்சியிலும் அது பலித்திருக்க வேண்டுமே.

மேற்கு மூலையில் இன்னொரு விசித்திரம். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்கள் தமிழ்நாட்டு வாக்காளர்கள்தான், கிள்ளியூர் தொகுதி. ஆனால் அவர்களின் மறைமாவட்டம் கோட்டாறு கிடையாது; திருவனந்தபுரம் லத்தீன் பேராயம். 2022-ல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக அந்தப் பேராயம் போராடியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த இவர்களுக்கும் அது சொந்த விஷயமாக இருந்தது. கேரள அரசு மீனவருக்கு என்ன செய்கிறது, தமிழக அரசு என்ன செய்கிறது என்று தினமும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாக்காளர்கள் இவர்கள். சென்னையிலிருந்து வரும் வாக்குறுதிகளை இவர்களிடம் விற்பது கடினம்.

தூத்தூர்ப் பகுதியின் ஆண்கள் ஆழ்கடல் தூண்டில்காரர்கள். சுறாவும் சூரையும் தேடி, கொச்சியிலிருந்தும் மற்ற துறைமுகங்களிலிருந்தும் கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு, தேர்தல் பணியில் இருப்பவருக்கு உண்டு. கடலில் இருப்பவருக்கு இல்லை. ஆகவே இங்கே வாக்குப்பதிவு சதவீதத்தைத் தீர்மானிப்பது பிரசாரத்தைவிட நாட்காட்டி. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்றால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் படகைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுவார்கள். 2014-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 24, ஈஸ்டர் முடிந்த நான்காம் நாள். 2021-ல் ஏப்ரல் 6, ஈஸ்டருக்கு இரண்டு நாள் கழித்து. 2019-ல் ஏப்ரல் 18, பெரிய வியாழன் அன்றே. தேதியை மாற்றச் சொல்லி நீதிமன்றம் வரை போனார்கள், மாறவில்லை. வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்பது நியாயமான புகார். ஆனால் ஆட்கள் ஊரில் இருந்தார்கள் என்பதும் உண்மை. 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31-லேயே போய்விட்டது, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கிழக்குக் கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குவதால் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. மேற்குக் கரையின் தடை ஜூன் மாதத்தில்தான். அங்கே பல படகுகள் கடலில்.

ஆண்கள் இல்லாத ஊரில் தேர்தலை நடத்துவது பெண்கள். பூத் சிலிப்பு வாங்குவது, பட்டியலில் பெயர் பார்ப்பது, வயதானவர்களை ஆட்டோவில் ஏற்றுவது எல்லாம் அவர்கள்தான். 2019-ல் வாக்குச்சாவடிக்குப் போனபின் பெயர் இல்லை என்று திரும்பிய மீனவர்கள் பெரிய சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு பட்டியல் திருத்தம் என்றாலே கடப்புறம் உஷாராகிவிடுகிறது. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீட்டில் ஆள் இல்லாத நேரம் அலுவலர் வந்து போனால் என்ன ஆகும் என்ற கவலை முதலில் எழக்கூடிய இடம் இதுதான். பெண்களின் கணக்கில் மற்ற விஷயங்களும் சேரும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது; முதல்வர் கண்டித்தார், நடவடிக்கை எடுத்தார்கள். கட்டணமில்லாப் பேருந்து, மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை இவற்றைவிட அந்த நடவடிக்கை சில ஊர்களில் அதிகம் பேசப்பட்டது என்பது என் அனுமானம்.

பிரச்சினைகளைப் பொறுத்தவரை மூன்றைச் சொன்னால் போதும். முதலாவது சரக்குப்பெட்டக மாற்று முனையம். 2016-ல் மத்திய அமைச்சரவை இனயத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வந்ததும் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்த்தப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு. பொன். இராதாகிருஷ்ணன் கப்பல் துறை இணையமைச்சராக இருந்த காலம் அது. அவர் மேல் கோபம் மதத்தால் மட்டும் வந்தது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் வந்ததை உள்நாடு அவர் சாதனையாகப் பார்த்தது. கடப்புறம் அவர் பெயரோடு சேர்த்துப் பார்த்தது வீட்டை விழுங்க வரும் துறைமுகத்தை. இரண்டாவது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 அன்று கடலில் இருந்தவர்களைத் தேடக் கப்பலும் ஹெலிகாப்டரும் வர தாமதமானதும், குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் 2019 வரை ஆறவில்லை. இங்கே கோபம் டெல்லி மேலும் சென்னை மேலும் சமமாக இருந்தது, அன்று சென்னையில் அதிமுக ஆட்சி. மூன்றாவது மணல். மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலை பழைய கதை. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம். இதில் கடற்கரையும் உள்நாடும் ஒரே பக்கம் நிற்கின்றன, அதனால் இதைக் கவனிக்க வேண்டும்.

போராட்டத்தில் நிற்பவருக்கே ஓட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்துக்குக் குமரிக் கரையிலும் பெரும் ஆதரவு இருந்தது. அதன் முகமாக இருந்த உதயகுமாருக்கு 2014-ல் கிடைத்தது நான் மேலே சொன்ன 15 ஆயிரம் சொச்சம்தான். அவர்மேல் மதிப்பு இல்லாமலில்லை; ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தது, அவ்வளவே.

இதே கறார் கணக்குதான் கடப்புறத்தின் கையைக் கட்டியும் வைத்திருக்கிறது. பாஜகவுக்குப் போகாது என்று உறுதியாகத் தெரிந்த ஓட்டுக்கு மற்றவர்கள் ஏன் அதிகம் தர வேண்டும்? லூர்தம்மாள் சைமனுக்குப் பிறகு இந்த மாவட்டத்தின் பெரிய கட்சிகள் மீனவ சமூகத்தவரை வெல்லக்கூடிய இடத்தில் நிறுத்திய தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேட்பாளர் யாரென்று முடிவாவது உள்நாட்டு நாடார் சமூகத்தின் கணக்கில்: இந்து நாடாரா, சிஎஸ்ஐயா, ஆர்சியா என்று. கடப்புறம் கடைசியில் வந்து ஓட்டைப் போட்டுவிட்டுப் போகும். தொகுதி எல்லைகளும் உதவுவதில்லை. கரை நீளமாக, ஒல்லியாக, கன்னியாகுமரி, குளச்சல், கிள்ளியூர் என்று துண்டாகிறது. எதிலும் மீனவர் தனிப் பெரும்பான்மை இல்லை. குளச்சலில் ஜே.ஜி. பிரின்ஸ் 2011, 2016, 2021 மூன்று முறையும், கிள்ளியூரில் ராஜேஷ்குமார் 2016, 2021 இரண்டு முறையும் காங்கிரஸில் வென்றார்கள். கன்னியாகுமரித் தொகுதியிலோ அகஸ்தீஸ்வரம், தோவாளை உள்நாட்டு ஓட்டு அதிகம். 2021-ல் அதிமுகவின் தளவாய் சுந்தரம் வென்றார்.

2024-ல் கொஞ்சம் அசைவு தெரிந்தது. காங்கிரஸ் எம்.எல்.ஏ. விஜயதரணி பாஜகவுக்குப் போனதால் காலியான விளவங்கோட்டில், மீனவ சமூகத்தைச் சேர்ந்த தாரகை கத்பர்ட்டைக் காங்கிரஸ் நிறுத்தியது. அது கடற்கரைத் தொகுதிகூட இல்லை, உள்நாடு. நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கடப்புறத்து ஆளை நிறுத்தினால் உள்நாடு போடாது என்று எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் சொல்லிவந்த சாக்கு அதோடு அடிபட்டுப் போனது. அதே நாள் நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக நிறுத்திய பசிலியான் நசரேத்தும் மீனவ சமூகத்தவர்தான். 41 ஆயிரம் சொச்சம் வாங்கி நான்காம் இடம். சொந்த ஆள் என்பதற்காக மட்டும் கடப்புறம் போட்டுவிடாது, ஜெயிக்கிற சின்னமும் வேண்டும். மூன்றாம் இடத்தில் நாம் தமிழர் கட்சியின் மரிய ஜெனிபர், 52 ஆயிரம் சொச்சம். படித்துவிட்டுக் கடலுக்குப் போகாத இளைஞர்கள் சிலரிடம் நெய்தல் உரிமை, ஈழம், எல்லை மீனவர் என்ற பேச்சுக்கு ஈர்ப்பு இருக்கிறது. அப்பா கைக்கும் மகன் நாம் தமிழரின் மைக்குக்கும் போடுகிற வீடுகள் இப்போது உண்டு. 1982-ஐப் பார்க்காத தலைமுறை அது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ல் கிள்ளியூர், குளச்சல் இரண்டின் 2014, 2019 வாக்குச்சாவடி எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்த வாக்கை விட்டுவிட்டு, இரட்டை இலைக்கு 2014-ல் நல்ல ஓட்டு விழுந்த கடற்கரைச் சாவடிகளை மட்டும் குறித்துக்கொண்டு, 2019-ல் அங்கே தாமரைக்கு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பிறகு அதே சாவடிகளில் 2024-ல் மைக் சின்னத்துக்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.